சூசையண்ணன் மீது நான் போட்ட பழி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ரேஸ் இன்ஜினை எப்படிக் கட்டுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. ஹெட்டை எவ்வளவு சீவுவது, கேம் ஷாப்ட்டை எந்த இடத்தில் பூட்டுவது என்பதெல்லாம் இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். பாடுபட்டுக் கட்டிய இன்ஜின் கெட்டுப்போய், கையில் நாளும் இல்லாத நேரத்தில் நம் வாய் என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பிந்தித் தெரிந்தது. அதைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பதில் நடந்தது. பெரம்பலூர் நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் எனக்குப் பட்டறை இருந்தது. லாரி, வேன், டிராக்டர் என்று வருவதை எல்லாம் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். ரேஸ் கார் என்றால் பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட என்னிடம்தான் லெப்பைக்குடிக்காட்டு ஜமால் வந்தார். முப்பத்தைந்து வயது. வளைகுடாவில், பழுதான கார்களைத் தூக்கிச் செல்லும் வண்டிக்கு டிரைவர். அங்கே ரேஸ் நடக்கும் நாட்களில் அந்த வண்டியோடு டிராக்கின் வேலிக்கு வெளியே நிற்பதுதான் அவர் வேலை. ஏழு வருடம் அப்படி நின்று பார்த்தவர், ஒரு முறையாவது உள்ளே ஓட்டிவிட வேண்டும் என்ற முடிவோடு விடுமுறைக்கு வந்திருந்தார்.

சென்னைக்கு வெளியே இருந்த டிராக்கில், விடுமுறையின் கடைசி வாரம் நடக்கவிருந்த ரேஸுக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். அது முடிந்த ஐந்தாம் நாள் அவருக்கு விமானம். பழைய கார் ஒன்றை இங்கேயே வாங்கினார். பெட்டியில் இரண்டு கார்புரேட்டர்கள், ஒரு செட் பிஸ்டன், இரண்டு செட் ரிங் கொண்டு வந்திருந்தார். அவர் ஓட்டவிருந்த பிரிவில் டர்போ கூடாது. காற்றை உள்ளே தள்ளிவிட எதுவும் கிடையாது. இன்ஜின் தன் மூச்சில் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் அதன் பலம். அதனால் அந்த மூச்சுப் பாதையில் இருக்கும் ஒவ்வொரு மேடும் மடிப்பும் எனக்கு எதிரி ஆயின. பாதி சாப்பாட்டில் எழுந்து போய் ஹெட்டின் துவாரத்தைத் தடவிப் பார்ப்பேன். என் மனைவி தட்டை மூடி வைத்துவிடுவாள்.

ஜமாலின் அத்தா ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ஜவுளிக்கடைக்காரர், அளந்து பேசுகிறவர். ஒரே ஒரு சீட்டு மட்டும் வைத்து, மற்றதெல்லாம் கழற்றி எறியப்பட்ட காரைச் சுற்றிவந்து பார்த்தார். “மத்தவங்க எங்க உக்காருவாங்க?” என்று கேட்டார். மற்றவர்கள் உட்கார மாட்டார்கள் என்று ஜமால் சொன்னதும், தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சிலிண்டர்களைப் புது பிஸ்டன் அளவுக்குக் குடைந்து கொடுத்தது அரியலூர் சூசையண்ணன். ஏலாக்குறிச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய போரிங் பட்டறை இருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளில் பாதியின் இன்ஜின் அவர் கை பட்டதாகத்தான் இருக்கும். பதினைந்து வருடமாக என் வேலையும் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த சிலிண்டர் பிளாக்கை வாங்கப் போன அன்று அவர் ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டே பிளாக்கை ஒப்படைத்தார்.

இன்ஜின் கிளம்பியது. நான் அதுவரை கேட்டிராத சத்தம். ஆனால் கார்புரேட்டர் வாய்களில் ஸ்பாஞ்ச் பில்டரை மாட்டினால், ஆறாயிரம் சுற்றுக்கு மேல் தொண்டை அடைத்தது போல் ஆனது. கழற்றினால் சீறியது. நான் கழற்றிவிட்டேன்.

“அண்ணே, அங்க மணல் காத்துல இத கழட்டவே விடமாட்டாங்க. இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் ஜமால்.

இங்கே என்ன பாலைவனமா இருக்கிறது என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். உண்மையில் அந்தச் சீற்றத்தை மறுபடி மறுபடி கேட்க வேண்டும் என்ற அரிப்பு எனக்கு.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே? ஆலத்தியூருக்கு அப்பால் வேலை நின்றுபோன ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் குழி இருந்தது. அதற்குப் போகும் பாதை ஒன்றரை கிலோமீட்டர் நேராக இருக்கும். காவலாளி எனக்குத் தெரிந்தவர். விடியற்காலையில் கேட்டைத் திறந்துவிடுவார். இரண்டு பக்கமும் வெள்ளை மேடு. கார் ஒருமுறை போனால் பின்னால் வெள்ளையாகத் திரை எழும்பும். முனையில் திருப்பி, அந்தத் திரைக்குள்ளேயே ஜமால் மறுபடி ஓட்டி வருவார். நான் ஓரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, கார்புரேட்டரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். புருவத்திலும் இமையிலும் படிந்த பொடியைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். துடைத்த துண்டை உதறவும் செய்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்கவில்லை.

நான்காம் நாள் காலை, சைலன்சரில் நீலப் புகை வந்தது. கம்ப்ரஷன் பார்த்தேன். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் இறங்கியிருந்தது. ரேஸுக்குப் பத்து நாள் இருந்தது.

அன்று மதியத்துக்குள் இன்ஜினைப் பிரித்துவிட்டேன். சிலிண்டர் சுவர்களில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். ரிங் முனைகள் மழுங்கியிருந்தன. ஜமால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு உடனே ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. திருவிழா அவசரம் நினைவுக்கு வந்தது. சிலிண்டரைக் குடைந்து, தேய்ப்புக்கல்லால் மெருகேற்றியபின் அந்தக் கல்லின் துகள் போக நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாமல் கொடுத்திருக்கிறார், அதுதான் அறுத்துவிட்டது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உறுதியாகிவிட்டது. ஜமால் சூசையண்ணனை ஒரு வார்த்தை திட்டினார். நான் தடுக்கவில்லை.

பிளாக்கை வேனில் போட்டுக்கொண்டு நேரே அரியலூர் போனேன். சூசையண்ணன் கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். “வா பழனி” என்றவரிடம், இறங்கிய வேகத்தில் கத்தினேன். திருவிழா பார்க்கிறவர் எதற்குக் கடை வைத்திருக்க வேண்டும் என்றுகூடக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிளாக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு மாடத்திலிருந்து, சிலிண்டர் அளக்கும் கேஜை எடுத்தார்.

“அளந்து பாத்துருவோம்.”

“அளக்க என்ன இருக்கு? கண்ணால பாத்துட்டுத்தான வரேன்.”

“கண்ணு போதும்னா இத எதுக்கு நான் வாங்கி வச்சிருக்கேன்?”

நான் பிளாக்கைத் திரும்ப வேனில் ஏற்றினேன். கோபம் அடங்கவில்லை. போகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிறுத்தி, சூசைக்குக் கை போய்விட்டது, இனிமேல் அங்கே யாரும் வேலை கொடுக்காதீர்கள் என்று கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன். பக்கத்தில் ஒரு லாரி முதலாளியின் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அந்த முதலாளியின் மூன்று இன்ஜின்கள் அப்போது சூசையண்ணன் கடையில் வேலைக்கு இறங்கியிருந்தன. அது எனக்கும் தெரியும்.

மறுநாள் பிளாக்கைத் திருச்சிக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு பெரிய போரிங் பட்டறை. அதன் ஆள் நான் சொன்ன கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கேஜை உள்ளே விட்டு மேலிருந்து கீழாக அளந்தார். ரிங் போய்த் திரும்புகிற மேல்பகுதியில் மோசமான தேய்மானம். கீழே வர வர குறைவு. ரிங் எட்டாத அடிப்பகுதியில் அளவு அப்படியே இருந்தது. மெருகேற்றிய குறுக்குக் கோடுகள்கூடப் புதிதுபோல் இருந்தன.

“போர் பண்ணது நல்ல கைங்க. நாலு சிலிண்டரும் ஒரே அளவு. இது மேலேருந்து வந்த தூசி. பில்டர் போட்டிருந்தீங்களா?” என்று கேட்டார்.

நான் போட்டிருந்ததாகத் தலையாட்டினேன். முன்பின் தெரியாத ஆளிடம்கூட அந்த நேரத்தில் பொய்தான் வந்தது. ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார் அவர். சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழாயை அடித்து, பழைய அளவுக்கே குடைந்தால் அதே பிஸ்டனைப் போடலாம். ரிங்தான் இன்னொரு செட் இருக்கிறதே. ஆனால் தன்னிடம் இரண்டு வாரத்துக்கு வேலை நிற்கிறது என்று கையை விரித்தார்.

பெரம்பலூர் திரும்பியதும், கழற்றி வைத்திருந்த கார்புரேட்டருக்குப் பின்னால் காற்று போகும் குழாயில் விரலை விட்டேன். விரல் வெள்ளையாக வந்தது. நான்கு குழாயிலும் அப்படியே. அதைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றேன். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அரியலூருக்கு வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

வெட்கத்தைவிட்டு உங்களிடம் ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, கணக்குத்தான். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜமால் நான் சொன்னதை நம்பிவிட்டார். குழாயைப் பெட்ரோலில் கழுவி வைத்துவிட்டால் முடிந்தது. கழுவுவதற்குத் தட்டைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஜமால் வந்தார். திருச்சியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஸ்லீவ் போட வேண்டும், இருக்கிற நாளுக்குள் அதைச் செய்யக்கூடியவர் சூசையண்ணன் ஒருவர்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

“அவருதானண்ணே கெடுத்தாரு? திரும்பவும் அவர்ட்டயேவா?”

இந்தக் கேள்விக்கும் ஒரு பொய்யைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று தேவைப்பட்டது. அலுத்துப்போய், விரலை அவர் முன்னால் நீட்டினேன். “நான்தான் ஜமால். நீ சொன்னப்பவே பில்டர மாட்டிருக்கணும்” என்றேன்.

அவர் அந்த வெள்ளையைப் பார்த்தார். போய் அந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஏழு வருடம் காத்திருந்தவர் என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். சற்று நேரம் கழித்து இறங்கி வந்தவர், “வாங்க போவோம். நானும் அவரப் பத்தி எங்க தெருவுல கண்டபடி பேசிட்டேன்” என்றார்.

மறுநாள் காலை இருவரும் அரியலூர் போனோம். சூசையண்ணன் இந்த முறை “சொல்லுங்க” என்றார். அந்த ‘ங்க’ என் மேல் கல்லாக விழுந்தது. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கையில் எட்டு நாள்தான் இருக்கிறது, ஸ்லீவ் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். அதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் வரிசை தெரியவில்லை. அவர் கடையின் மூலையைக் காட்டினார். மூன்று லாரி இன்ஜின்கள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. முந்தின நாளே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? எங்க பேசுனீங்களோ அங்க போயி சொல்லிட்டு வாங்க. பொறவு மெஷின போடுறேன்.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தே போனோம். கல்லாக்காரரிடம், தப்பு என்னுடையது, சூசையண்ணன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாக்காரர் சிரித்தார். “வேலை ஆவணும்ல, அதான் மாத்திப் பேசுற” என்றார். ஜமால் பக்கத்திலிருந்து சாட்சி சொன்னார். அதற்கும் அவர் சிரிப்பு மாறவில்லை. இரண்டு நாளுக்கு முன் நான் கோபத்தில் சொன்னதை ஒரு கேள்வி இல்லாமல் நம்பியவர், இன்று நான் நிதானமாகச் சொன்னதை நம்பவில்லை. லாரி முதலாளியின் வீட்டுக்கும் போனேன். மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டார். இன்ஜின்களை வேறு இடத்தில் பிரித்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வந்து நடந்தது நடந்தபடி சொன்னேன். நம்பவில்லை என்பதையும் சொன்னேன். சூசையண்ணன் பிளாக்கை மெஷினில் ஏற்றினார். மூன்று நாளில் நான்கு ஸ்லீவும் அடித்து, குடைந்து, மெருகேற்றினார். அந்த மூன்று நாளும் நான் அங்கேயேதான் கிடந்தேன். உட்கார முடியவில்லை, வாசலுக்கும் மெஷினுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் வாளியை என் முன்னால் வைத்து, “நீங்களே கழுவிக்கங்க” என்றார். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவினேன். நான்கு வாளித் தண்ணீர் ஆனது.

ரேஸுக்கு முந்தின நாள் டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். பில்டரை மாட்டிய நிலையிலேயே கார்புரேட்டரைச் சரிசெய்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். பெட்ரோலை விடும் ஜெட்டின் அளவை மாற்றியதும் தொண்டை அடைப்பில் முக்கால்வாசி போய்விட்டது. நான்கு காலையில் நான் பொறுமையாக உட்கார்ந்து பார்க்காத வேலை, அங்கே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனாலும் முன்னால் நின்ற கார்களை ஓட்டிய நிபுணர்களுக்கு முன் எங்கள் கார் ஒன்றும் பெரிதில்லை. பதினான்கு பேரில் ஜமாலுக்குப் பன்னிரண்டாவது இடத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்தது.

அவருடைய அத்தா வந்திருந்தார். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு வேலி ஓரம் நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் ஜமால் எங்களைக் கடந்து போகும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு, மறுபடி பொத்திக்கொண்டார். நான் புகை வருகிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழைகூட வரவில்லை. எட்டாவதாக வந்து முடித்தார். நின்ற காரிலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஓடினேன்.

“இனிமே வேலிக்கு வெளிய நின்னு எப்புடிண்ணே பாக்குறது?” என்றார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா துக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்தாம் நாள் விமானம் ஏறிப் போய்விட்டார்.

இன்ஜின் கெட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பதற்றத்தில் நம் மனம் காரணத்தைத் தேடாது, ஆளைத்தான் தேடும். ஆள் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடும். அப்போது ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அளந்து முடியுங்கள் என்பதுதான் என் அனுபவத்தில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது. ஒருமுறை சொல்லிவிட்டால் அது நம் கையில் இல்லை. அது எனக்கு இரண்டு வருடம் கழித்து இன்னும் நன்றாகப் புரிந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரி ஏற்றும் வேன் ஒன்று புகைகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்து, இன்ஜினைப் பிரித்து, போர் பண்ண வேண்டும், அரியலூரில் கொடுத்துவிடலாம் என்றேன். அதன் டிரைவர் தயங்கினார். நடுத்தர வயது, என்னை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார்.

“அரியலூர் வேணாங்க. அங்க சூசைன்னு ஒருத்தர் சரியா கழுவாம குடுத்து, ஜெயிக்க வேண்டிய ரேஸ் காரு ஒண்ணு வெடிச்சே போயிருச்சாம்.”

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும்தான் சொல்கிறார்கள் என்றார்.

“அத மொதல்ல சொன்னவன் நான்தாங்க” என்றேன்.

அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்தார். பிளாக்கை என் வேனில் ஏற்றி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். ஜெயங்கொண்டம் தாண்டும்போது கதையை ஆரம்பித்தேன். நடுநடுவே அவர் கேள்வி கேட்டார். சில கேள்விகள் சங்கடமானவை. அரியலூர் வந்தபோது கதை பாதிகூட முடியவில்லை. மீதியை சூசையண்ணன் கடை வாசலில் நின்று, அவர் காதுபடவே சொல்லி முடித்தேன். சூசையண்ணன் மெஷினை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. நான் முடித்ததும், பிளாக்கை இறக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம்.